மண்ணுக்குள் இருந்து மீண்ட வாள் காப்புத் தகடு: பழைய யப்பானிய ட்சுபா என்று எப்படி உறுதிசெய்வது?

உருத்திரபுரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் உள்ள ஓர் இரும்புத் தகட்டைப் பற்றி, பழம்பொருட்களில் பழக்கம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். எனது அப்பப்பா மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். யப்பானியர் ஆட்சிக் காலம் முழுவதும் அங்கேயே இருந்து, பின்னர் பென்சனோடு ஊர் திரும்பி, யாழ்ப்பாணத்தில் காணி போதாததால் கிளிநொச்சிப் பக்கம் வயல் எடுத்துக் குடியேறினார். அவர் கொண்டுவந்த றங்குப் பெட்டிக்குள் இந்தத் தகடும் இருந்தது. யப்பானியரின் வாளில் இருந்தது என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதாக அப்பாவுக்கு நினைவில்லை.

2008 இன் கடைசிப் பகுதியில் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதிகளோடு சேர்த்து இதையும் பொலித்தீனில் சுற்றி, ஒரு தகரப் பேணிக்குள் வைத்து வளவில் புதைத்துவிட்டுப் போனோம். மீள்குடியேறிய பின் தோண்டி எடுத்தபோது பேணி அரித்துப்போயிருந்தது. உறுதிகள் ஓரளவு தப்பின. தகட்டில் செந்துரு ஏறியிருந்தது. அன்றிலிருந்து துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறோம்.

தகடு ஏறக்குறைய வட்டமானது, உயரம் 7.4 சென்ரிமீற்றர், அகலம் 7.1, விளிம்பின் தடிப்பு 5 மில்லிமீற்றர் வரும். காந்தம் நன்றாக ஒட்டுகிறது. நடுவில் நீண்ட துளையும் அதன் இரு பக்கங்களிலும் வேறு துளைகளும் உண்டு. மீதி இடமெல்லாம் கொடிகள் பின்னிப் பிணைந்திருக்க, அவற்றுக்குள் இரண்டு டிராகன்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. இரண்டோர் இடங்களில் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது. எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. துருவின் கீழ் இருக்குமோ என்று சொல்லத் தெரியவில்லை.

பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் அண்மையில் வந்து பார்த்துவிட்டு, இது சந்தையில் விற்கும் பிரதிதான், இருந்தாலும் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பிரதி என்றால் அவர் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து, எலுமிச்சம் புளியில் ஊறவைத்தால் எழுத்து வெளிவரும் என்று அயலில் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? இது பழையதா, பிரதியா என்பதை நானே ஓரளவுக்கேனும் அறிந்துகொள்ள எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?

தாண்டிக்குளத்தார்:

வணக்கம். எலுமிச்சம் புளியும் கம்பித் தூரிகையும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஒசாக்காவில் வேலை பார்த்த காலத்தில், பழம்பொருட்கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் ஓய்வு நாட்களில் போய் இருப்பேன். ட்சுபா என்று யப்பானியர் அழைக்கும் இந்தக் காப்புத் தகடுகளைக் கையில் எடுத்துப் பார்க்கக் கற்றது அங்கேதான். அவர் எந்தத் தகட்டை எடுத்தாலும் முதலில் சித்திரத்தைப் பார்க்கமாட்டார். நடுத்துளையைத்தான் பார்ப்பார். நீங்களும் டிராகன்களைச் சற்று ஒதுக்கிவிட்டு அங்கிருந்தே தொடங்குங்கள்.

நடுத்துளையை நகாகோ-அனா என்பார்கள். கைப்பிடிக்குள் செல்லும் அலகின் அடித்தண்டு அதனூடாகவே போகும். அந்தத் தண்டு ஒரு பக்கம் தடித்த முதுகும் மறுபக்கம் மெல்லிய முனையும் உடையது என்பதால், துளையும் ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் அகன்ற நீண்ட முக்கோண வடிவில் இருக்க வேண்டும். ஒடுங்கிய முனை மேலே வரும்படி பிடித்துப் பார்ப்பதே வழக்கம். இனி, வாள் ஒவ்வொன்றின் தண்டும் ஒவ்வோர் அளவானது; தகடுகளோ ஒரு வாளிலிருந்து கழற்றப்பட்டு இன்னொரு வாளுக்கு மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தவை. துளை பெரிதாக இருந்தால், அதன் ஓரத்தில் உளியால் தட்டி உலோகத்தை உள்ளே தள்ளிச் சிறிதாக்குவார்கள்; அல்லது மேல் முனையிலும் கீழ் முனையிலும் செகிகானே எனப்படும் செப்புத் துண்டுகளைச் செருகி அடைப்பார்கள். துளை சிறிதாக இருந்தால் அரத்தால் ராவிப் பெரிதாக்குவார்கள். ஆகவே, உண்மையில் வாளில் ஏறி இறங்கிய ஒரு தகட்டின் நடுத்துளை ஒழுங்கற்றதாக, பலருடைய கை பட்டதாகவே இருக்கும். பிரதிகளில் துளை ஒன்றில் அச்சில் வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும், அல்லது உளித் தழும்புகளும் சேர்த்தே வார்க்கப்பட்டு, அவற்றின் ஓரங்கள் மழுங்கிப்போயிருக்கும். கூர்மையான உளித் தழும்புக்கும் வார்த்தெடுத்த தழும்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண பூதக்கண்ணாடியிலேயே காணலாம்.

அடுத்ததாக, துளையைச் சுற்றியுள்ள நீள்வட்டச் சமதளத்தைப் பாருங்கள். இதற்குச் செப்பாதாய் என்று பெயர். தகட்டின் இரு புறமும் செப்பா எனப்படும் மெல்லிய செப்பு வளையத் தகடுகள் இந்த இடத்தில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். நெடுங்காலம் அப்படி அழுத்தப்பட்ட இடத்தின் நிறம் மற்ற இடங்களின் நிறத்திலிருந்து வேறுபட்டு, வளையத்தின் விளிம்பு ஒரு மெல்லிய கோடாகப் பதிந்திருப்பதுண்டு. உங்களுடையதில் துரு இதை மறைத்திருக்கலாம், ஆனால் முழுவதையும் மறைப்பது அரிது.

பக்கத் துளைகள் ஹிட்சு-அனா எனப்படும். ஒடுங்கிய முனையை மேலே வைத்து, கைப்பிடிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடப்புறத் துளை பிறை வடிவில் இருந்தால், அது கொசூகா என்ற சிறு கத்தி உறையிலிருந்து வெளிவருவதற்கானது. வலப்புறத் துளை மூன்று இதழ்களாக வளைந்திருந்தால், அது கோகாய் என்ற மெல்லிய ஊசிபோன்ற கருவிக்கானது. எல்லாத் தகடுகளிலும் இரண்டும் இருப்பதில்லை. ஒன்று மட்டும் உள்ளவையும், ஒன்றுமே இல்லாதவையும், பிற்காலத்தில் ஈயத்தால் அல்லது ஷக்குதோ என்ற கறுப்புக் கலவை உலோகத்தால் அடைக்கப்பட்டவையும் ஏராளம். ஆனால் இருக்கிற துளை வழியே ஏதாவது போய்வர முடியவேண்டும். அலங்காரத்துக்காக மட்டும் வெட்டப்பட்ட, நடுத்துளையோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சிறு துளைகள் பிரதிகளில்தான் மிகுதி.

உங்கள் தகட்டில் கொடிகளுக்கிடையே வெளி இருப்பதால் இன்னொரு வசதியும் உண்டு. அந்த இடைவெளிகளின் உட்சுவர்களைப் பாருங்கள். மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கிப் பழையதாகக் காட்டுவது எளிது. உட்சுவருக்குள் அரம் விட்டு வேலை செய்வது சிரமம் என்பதால், போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிடுவார்கள். வார்ப்பு என்றால், அங்கே மணல் பட்டதுபோன்ற சொரசொரப்பும், காற்றுக் குமிழ் விட்ட குழிகளும், சில வேளைகளில் அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் ஒரு கோடும் இருக்கும். கையால் அறுத்து ராவியது என்றால், அரத்தின் கோடுகள் ஒரே திசையில் ஓடும். தட்டிப் பார்த்து ஓசையால் அறியலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துருவேறிய நல்ல தகடும் மந்தமாகவே ஒலிக்கும்.

மலாயா பற்றி ஒரு வார்த்தை. 1934 இலிருந்து யப்பானியத் தரைப்படை அதிகாரிகளுக்கு என்று வந்த வாளின் காப்புத் தகடு இப்படி இராது. அது செப்புக் கலவையில் செய்யப்பட்ட தடித்த தகடு. அதில் செரிப் பூக்கள் பதித்திருக்கும். உறையின் பூட்டு வில்லுக்காக ஒரு சிறு வெட்டும் இருக்கும். சந்தையில் 'சாமுராய்த் தகடு' என்ற பெயரில் விற்பவற்றில் கணிசமானவை இந்த இராணுவத் தகடுகளே. உங்களுடையது அதுவல்ல. ஆனால் குடும்ப வாளைப் பழைய கைப்பிடியோடும் பழைய தகட்டோடும் தோல் உறையிட்டுப் போருக்குக் கொண்டுவந்த அதிகாரிகளும் இருந்தார்கள். 1945 செப்ரெம்பர் 12 இல் சிங்கப்பூரில் சரணடைவு ஒப்பமான பின்னர் தென்கிழக்காசியா எங்கும் வாள்கள் ஒப்படைக்கப்பட்டன, பல நினைவுப் பொருட்களாகக் கைமாறின. எனவே உங்கள் அப்பப்பாவின் கதை நடந்திருக்கக் கூடியதே. ஆயினும் கதையைக் கொண்டு தகட்டின் வயதைத் தீர்மானிக்க முடியாது.

கொடியும் டிராகன் இணையும் என்று நீங்கள் சொன்னதிலிருந்து இது எந்த வகை என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அதை நீங்கள் துளைகளைப் பார்த்துச் சொன்ன பின் எழுதுகிறேன். வகையின் பெயரை முதலில் கேட்டுவிட்டால், எல்லா அடையாளமும் அதற்குப் பொருந்துவதாகவே கண்ணுக்குத் தோன்றும்.

மாந்தை வாசகன்:

தாண்டிக்குளத்தார் ஐயா பொறுத்திருக்கச் சொன்னாலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொடியும் எதிரெதிர் டிராகன்களும் என்றால் அது நான்பன் வகையாகத்தான் இருக்க வேண்டும். தெற்கிலிருந்து கப்பலில் வந்த ஐரோப்பியரையும் அவர்களோடு வந்த பொருட்களையும் குறித்த அந்தப் பெயர், சீன, ஐரோப்பியச் சாயல் கொண்ட தகடுகளுக்கும் பின்னர் ஒட்டிக்கொண்டது. ஒல்லாந்தர் 1641 இலிருந்து நாகசாகித் துறைமுகத்தில் உள்ள தெசிமா என்ற செயற்கைத் தீவில் இருந்து வணிகம் செய்தார்கள். அவர்களின் அதே கிழக்கிந்தியக் கம்பனி 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. முல்லைத்தீவிலும் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. யப்பானியச் செம்பு அவர்களின் கப்பல்களில் இந்தியக் கரைகளுக்கும் இலங்கைக்கும் வந்தது.

இந்த நிலையில், ஒரு தகடு மலாயாவைச் சுற்றிக்கொண்டு வந்தது என்று ஏன் கொள்ள வேண்டும்? ஒல்லாந்தக் காலத்திலேயே வன்னிக் கரைக்கு வந்து, கைமாறிக் கைமாறி அந்தப் பெட்டிக்குள் சேர்ந்திருக்கலாமே. கண்டிய வாள்களின் கைப்பிடிகளில் உள்ள கொடி வேலைப்பாட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது இங்கேயே செய்யப்பட்டதோ என்றுகூட எண்ணத் தோன்றுகிறது. அப்படியானால் இதன் பெறுமதி வரலாற்று ரீதியில் மிகப் பெரியது.

முள்ளியவளைப் பட்டறை:

தம்பி, யப்பானிய வாள் சாத்திரம் எனக்குத் தெரியாது. இரும்பும் பொன்னும் தெரியும்; எங்கள் வீட்டில் இரண்டு தொழிலும் இருந்தன. நீர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவற்றை மட்டும் சொல்கிறேன்.

வலப்பக்க டிராகனின் முதுகுக்குப் பின்னால் ஒரு கொடி இன்னொரு கொடியின் கீழே நுழைந்து மறுபக்கம் எழும்புகிறது. அந்த இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறது. இதை இரண்டு பாதி அச்சில் வார்க்க இயலாது. அச்சு கழன்று வராது. மெழுகு வார்ப்பில் செய்யலாம், ஆனால் இரும்பு செம்பைப்போல் எளிதில் உருகி ஒவ்வொரு இழைக்குள்ளும் ஓடும் உலோகமல்ல. எனவே அந்த இடம் மேலும் கீழுமாக உளியாலும் சிறு அரத்தாலும் குடைந்து எடுக்கப்பட்டது என்றே நான் கொள்கிறேன். எவ்வளவு காலத்துக்கு முன் குடைந்தார்கள் என்பதை என்னால் சொல்ல முடியாது. ஆனால் மலிவு விலைப் பிரதிக்காக இவ்வளவு நேரம் செலவழிக்கும் தொழிலாளி எந்த நாட்டிலும் இல்லை.

மஞ்சளாக மின்னும் இடத்தையும் பாரும். இரும்பில் பொன்னை ஒட்டவைக்கும் வழிகளில் ஒன்று, மேற்பரப்பில் மிக நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் உளிக் கோடுகள் கீறி, அந்தக் கரடுமுரட்டில் பொன் ரேக்கை வைத்துத் தட்டிப் பிடிக்கச் செய்வது. வட இந்தியாவிலும் இது உண்டு. யப்பானியரும் செய்திருக்கிறார்கள் என்று இப்போது அறிகிறேன். பொன் உதிர்ந்துபோன இடத்தில் அந்தக் கோடுகள் மட்டும் மிஞ்சியிருக்கும். மை பூசிய பிரதியாக இருந்தால் மஞ்சளின் கீழே வெறும் வழவழப்பான இரும்புதான் இருக்கும். பூதக்கண்ணாடியோடு, விளக்கை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனித் துரு. எலுமிச்சம் புளி பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. இரும்பில் அது செந்துருவையும் எடுக்கும், அதன் கீழே காலம் போட்ட கரும்பழுப்புப் படலத்தையும் எடுக்கும், உளிக் கோடுகளின் கூரையும் மழுங்கடிக்கும். கடைசியில் சாம்பல் நிறத்தில் பச்சை இரும்பு மிஞ்சும், அது அடுத்த மாரிக்கு முன்னரே மறுபடியும் துருப்பிடிக்கும். கம்பித் தூரிகை பொன்னையே எடுத்துவிடும். சாணைக்கல், மண்ணெண்ணெய், கடையில் விற்கும் துரு நீக்கி எதுவும் வேண்டாம்.

முதலில் துரு உயிரோடு இருக்கிறதா என்று பாரும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் தகட்டையும், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பைகளையும் வைத்து மூடிவிடும். சில கிழமைகளில் தாளில் செம்மஞ்சள் தூள் புதிதாக விழுந்திருந்தாலோ, தகட்டில் பழுப்பு நீர்த்துளிகள் வியர்த்திருந்தாலோ, மண்ணின் உப்பு உள்ளே இருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, நூதனசாலைகளில் உலோகம் பேணும் தொழில் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். எதுவும் விழாவிட்டால், துரு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். அப்போது மாட்டெலும்புத் துண்டொன்றை உளி நுனிபோல் சீவி, பொன் இல்லாத இடங்களில் மேலெழுந்து நிற்கும் செந்துருவை மட்டும் மெல்ல மெல்லச் சுரண்டலாம். எலும்பு துருவைவிட வலிது, இரும்பைவிட மெதுமையானது என்பதுதான் இதன் சூக்குமம். மான் கொம்பு இதற்கு இன்னும் நல்லது என்பார்கள். ஆனால் மான் கொம்பு வைத்திருப்பதால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும், எலும்பே போதும். பிறகு பருத்தித் துணியால் தேய்த்துக்கொண்டே வாரும். தேங்காய் எண்ணெய் பூசவேண்டாம், அது சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் விட்டு, துணி ஈரமாகத் தோன்றாத அளவுக்குத் துடைத்தால் போதும்.

உருத்திரபுரத்தான்:

மூவருக்கும் நன்றி. வேணியர் இடுக்கிமானியும் நகை வேலை செய்பவரின் பூதக்கண்ணாடியும் இரவல் வாங்கிப் பார்த்தேன். எதையும் சுரண்டவில்லை.

நடுத்துளை மேலே ஒடுங்கி, கீழே அகன்றுதான் இருக்கிறது. அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் செந்நிறமாக ஓர் உலோகம் அடைத்திருக்கிறது. காந்தம் அதில் ஒட்டவில்லை. கீழ்த் துண்டு ஒரு பக்கம் ராவப்பட்டதுபோல் சரிந்திருக்கிறது. துளையின் இரு பக்கங்களிலும் சிறு குத்துத் தழும்புகள் உண்டு, அவற்றின் ஓரங்கள் கூராகவே இருக்கின்றன. நடுச் சமதளம் நீள்வட்டமாக இல்லாமல் கிட்டத்தட்டச் செவ்வகமாக இருப்பது எனக்குக் குழப்பமாக இருந்தது. அதன் ஓரத்தில் நெருக்கமான சிறு வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன.

பக்கத் துளைகள் இரண்டும் நீங்கள் சொன்ன வடிவங்களிலேயே, சொன்ன பக்கங்களிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் மெல்லிய கரை கட்டப்பட்டிருக்கிறது. கொடிகள் அந்தக் கரையை வந்து தொட்டு நிற்கின்றன. துளையால் அறுபட்ட கொடி எதையும் நான் காணவில்லை. உட்சுவர்களில் பெரும்பகுதி துருவாக இருந்தாலும், துரு குறைந்த ஓரிடத்தில் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கோடுகள் தெரிகின்றன. இடப்பக்க டிராகனின் கழுத்தில் மஞ்சள் உதிர்ந்த இடத்தில், பட்டறை ஐயா சொன்னபடியே குறுக்கும் நெடுக்குமான கோடுகள் உண்டு. எழுத்து எந்தப் பக்கத்திலும் இல்லை.

தாண்டிக்குளத்தார்:

நீங்கள் எழுதியிருப்பவை சரியாக இருக்குமானால், வாங்க வந்தவர் சொன்னது தவறு. இது பிரதி அல்ல. செப்புச் செருகல்களும், அவற்றில் ஒன்றை மேலும் ராவியிருப்பதும், கூர்மையான குத்துத் தழும்புகளும் சேர்ந்து, இந்தத் தகடு ஒரு முறையேனும் வாளில் பொருத்தப்பட்டிருந்ததைக் காட்டுகின்றன. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வாள்களில் இருந்திருக்கும். கரடாக்கிப் பொன் பதித்ததை நுனோமே என்பார்கள். முள்ளியவளை ஐயா படத்தை மட்டும் பார்த்தே இதைக் கண்டுகொண்டது எனக்கு வியப்பு.

வகையில் மாந்தை நண்பர் சொன்னது சரிதான். ஒன்றன்கீழ் ஒன்று நுழையும் கொடிகள், மணியை நோக்கும் இரு டிராகன்கள், செவ்வகத்தை ஒட்டிய நடுத்தளம், அதன் ஓர வரிகள், நுனோமே ஆகிய ஐந்தும் நான்பன் வகையின் வழக்கமான அடையாளங்கள். நடுவில் மணி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இரு டிராகன்களின் முகங்களுக்கும் இடையில், மேலே அல்லது கீழே, ஓர் உருண்டையைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் அவர் அடுத்துச் சென்ற முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நான்பன் வகைத் தகடுகளில் சில ஆசியப் பெருநிலத்திலிருந்து வந்தவை என்று கருதப்படுகின்றன. அப்படிப்பட்டவற்றில் நடுத்துளை முதலில் வேறு வடிவில் இருந்து, பின்னர் யப்பானிய அலகுக்காக மாற்றப்பட்டதன் சுவடு இருக்கும். பக்கத் துளைகள் பின்னர் வெட்டப்பட்டதால் கொடிகள் நடுவே அறுந்து நிற்கும். உங்களுடையதில் கொடிகள் துளையின் கரைக்கு வந்து நிற்கின்றன. செய்தவர் முதல் கோட்டைக் கீறும்போதே, இரண்டு யப்பானியத் துணைக் கருவிகளும் இவ்வழியே போகும் என்று அறிந்திருந்தார். ஒல்லாந்தரின் வாளுக்கோ கண்டிய வாளுக்கோ அந்தத் துளைகளால் ஒரு பயனும் இல்லை. ஆகவே யப்பானிய வாளுக்காக யப்பானில் செய்யப்பட்டது என்பதே எளிய விளக்கம். கம்பனிக் கப்பலில் வந்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. அப்படி எண்ணுவதற்குத் தகட்டில் எந்தச் சான்றும் இல்லை, மலாயாவிலிருந்து பெட்டியில் வந்தது என்பதற்கோ உங்கள் குடும்பத்தின் நினைவு இருக்கிறது.

காலம் என்று கேட்டால், யப்பானிய வரலாற்றில் எடோ எனப்படும் காலத்தின் நடுப்பகுதியிலிருந்து பிற்பகுதிக்குள், அதாவது 18 ஆம் நூற்றாண்டு அல்லது 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று படத்தையும் உங்கள் விவரத்தையும் வைத்துச் சொல்வேன். அதைவிட நெருக்கமாகச் சொல்பவரை நம்பவேண்டாம். இந்த வகை நாகசாகியைச் சூழ்ந்த ஹிசென் பகுதியில் தொடங்கினாலும், பிடித்துப்போனதால் வேறு இடங்களிலும் செய்தார்கள். செய்தவரின் கையொப்பம் இல்லாததைக் குறையாக எண்ணவேண்டாம். நான்பன் தகடுகளில் பெரும்பாலானவை கையொப்பம் இல்லாதவை. கையொப்பம் இருந்திருந்தால் எனக்குச் சந்தேகம் கூடியிருக்கும் என்றே சொல்வேன்: நொபுஇயே, கானேஇயே என்ற பழைய தகட்டுக் கைவினைஞர்களின் பெரும் பெயர்கள் அவர்களுக்குப் பின்வந்த எத்தனையோ தகடுகளில் வெட்டப்பட்டிருக்கின்றன; ஹிகோனேயின் சோதென் பெயர் தாங்கிய தகடுகளில் மிகப் பெரும்பான்மை பிறர் செய்தவை. அந்தப் பெயர்களைக் கண்டதும் விலையை உயர்த்துபவர்களும் உண்டு.

இதற்கும் நீங்கள் துருவின் கீழே எழுத்தைத் தேடி அதைத் தேய்க்காமல் விட்டதற்கும் தொடர்பு உண்டு. செப்புச் செருகல்களும், குத்துத் தழும்பின் கூரும், பொன் உதிர்ந்த இடத்துக் கோடுகளும்தான் இந்தத் தகட்டின் சாட்சிகள். எலுமிச்சம் புளியில் ஊறியிருந்தால் இவற்றில் பாதி போயிருக்கும், இல்லாத கையொப்பமும் வந்திராது.

அதிகாரபூர்வமான உறுதிப்பாடு வேண்டுமானால், 1948 இல் தொடங்கப்பட்ட யப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தோக்கியோவில் பரிசீலனை நடத்திச் சான்றிதழ் தருகிறது. 1982 இலிருந்து ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என்று நான்கு படிகள் நடைமுறையில் உள்ளன. அதற்கு முந்திய பழைய சான்றிதழ்களைச் சேகரிப்பாளர்கள் எச்சரிக்கையோடுதான் ஏற்பார்கள். படத்தை அனுப்பினால் போதாது, பொருள் நேரில் போகவேண்டும். இங்கேதான் சட்டம் வருகிறது: 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தொல்பொருள் ஒன்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்குத் தொல்லியல் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். வெளிநாட்டில் செய்யப்பட்டுக் குடும்பத்தோடு வந்த இத்தகடு அதில் எப்படிக் கொள்ளப்படும் என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். வன்னியில் புதையல் தோண்டுபவர்களால் வந்த கெட்ட பெயர் போதும். மண்ணிலிருந்து எடுத்தது என்று நீங்கள் வெளியே சொன்னால் கதை வேறு விதமாகத் திரும்பும். அப்பப்பாவின் மலாயாப் பென்சன் கடிதங்கள், அங்கே எடுத்த படங்கள், பயண ஆவணங்கள் ஏதும் தப்பியிருந்தால் தகட்டோடு சேர்த்து வையுங்கள்.

விலையைப் பற்றி அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். யப்பானியச் சேகரிப்பாளர்கள் மரபாக நான்பன் வகையை ஓவாரி, அகாசாகா முதலிய பெரிய மரபுகளுக்குக் கீழேயே வைத்தார்கள். அண்மைக் காலத்தில் ஆர்வம் கூடியிருந்தாலும், துருவேறிய கையொப்பமில்லாத தகடு எவரையும் செல்வந்தராக்காது. எனக்கு இந்த வகை பிடிக்கும் என்பது வேறு விடயம். அந்தக் கொடிகளைக் குடைந்தவரின் பொறுமை பெரிய மரபுகளில் பலரிடம் இல்லை. வாங்க வந்தவர் திரும்ப வந்தால், தான் வாங்குவது என்ன என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரதி என்று எழுதிக் கையெழுத்திட அவர் தயங்குவார் என்று நினைக்கிறேன்.

மாந்தை வாசகன்:

கொடி துளைக் கரையில் நிற்கும் அடையாளத்தை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. கண்டிய வேலை என்ற எண்ணத்தை விடுகிறேன். ஒல்லாந்தக் கப்பலை மட்டும் முற்றாக விட மனமில்லை. மன்னாரில் யப்பானியப் பீங்கான் துண்டு ஏதும் கிடைத்த செய்தி கண்ணில் பட்டால் இங்கே எழுதுகிறேன்.

உருத்திரபுரத்தான்:

மணி இருக்கிறது ஐயா. மேற்பக்கத்தில், இரு முகங்களுக்கும் நடுவில், கொடியின் ஒரு சுருள் என்று நான் நினைத்திருந்தது உருண்டைதான். அதிலும் பொன்னின் தடம் தெரிகிறது. வாங்க வந்தவருக்கு இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். சிலிக்கா ஜெல்லுக்குக் கிளிநொச்சியில் கமரா திருத்தும் கடையொன்றில் சொல்லி வைத்திருக்கிறேன். பென்சன் கடிதங்களில் இரண்டு, காணி உறுதிகளுக்குள் மடித்திருந்ததால் தப்பியிருக்கின்றன. ஒன்றில் புகையிரதப் பகுதியின் முத்திரை தெளிவாக உண்டு. பெட்டியில் வைத்து மூடிய பின் தாளில் தூள் விழுகிறதா என்பதைப் பார்த்துவிட்டு, இரு பக்கப் படங்களையும் விளக்கைச் சரித்துப் பிடித்து எடுத்து இதே இடத்தில் போடுகிறேன்.